புகைப்பெட்டிக்குச் சுழி பார்த்தவர்

வீரையன் மறுபடியும் புகைப்பெட்டியின் வாலைத் தூக்கிப் பார்க்கிறார். வால் என்று அவர் சொல்வது புகைபோக்கியை. அடுத்து கதவைத் திறந்து பல் பார்ப்பார், வயிற்றில் தட்டுவார், சுழி தேடுவார். பாபநாசம் வட்டாரத்து மாட்டுத் தரகர் அவர். சைக்கிள் வாங்கியதும் இப்படித்தான். டிரான்சிஸ்டர் வாங்கிய அன்று, அதை நாலு எட்டு நடத்திப் பார்க்க வழியில்லையே என்று வருத்தப்பட்டார்.

பெட்டி பண்ணையார் வைத்தியலிங்கத்துடையது. அவருடைய தகப்பனார் ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயரிடம் வாங்கினார். கீழே விறகு கனியும், மேலே தொங்கும் வாத்து புகையிலேயே வேகும். வந்த அதிகாரிகள் விரலைச் சூப்பிக்கொண்டு போவார்கள். இப்போது நில உச்சவரம்புச் சட்டம் வந்துவிட்டது, கூலிக்காரர்கள் கொடி பிடித்துவிட்டார்கள். பண்ணையார் பாதி நிலத்தை யார் யார் பேரிலோ எழுதிவிட்டுத் தஞ்சாவூருக்குக் குடிபோகிறார். பெட்டிக்கு அடித்தகடு ஓட்டை, கதவில் கீல் இல்லை, உள்ளே கோழி அடைகாக்கிறது.

சாராயக்கடை திறந்ததிலிருந்து வீரையனின் மனைவி காளியம்மாள் அதன் பக்கத்தில் கறி வறுத்து விற்கிறாள். பெட்டி வந்தால் வாத்து போடலாம், தார் டின்னை வெட்டி ஓட்டையை அடைத்துவிடலாம் என்றார் இவர். அடைக்கிற தகரத்தில் புதுப்பெட்டியே செய்யலாமே என்றாள் அவள். நியாயமான கேள்வி.

"பண்ணையில பன்னெண்டு வருசம் அதுக்கு வெறகு வெட்டிப் போட்டிருக்கேன் புள்ள. பொகைய மட்டுந்தான் தின்னேன்" என்றார் வீரையன். அவள் தார் டின் தேடப் போனாள்.

விலை பேசுவதில்தான் இழுபறி. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளைத் துண்டால் மூடி, உள்ளே ஒருவர் விரலை மற்றவர் பிடித்துத்தான் பேசுவார்கள். முதல் தடவை பண்ணையார், "என்ன தருவே, சொல்லு" என்றார். வீரையன் துண்டை நீட்டினார். பண்ணையார் உள்ளே போய்விட்டார். வீரையன் அங்கே பண்ணையாளாக இருந்த காலத்தில், கூலி நெல்லைக்கூடக் கைபடாமல் மேலேயிருந்து கொட்டியவர் அவர். இரண்டாம் தடவையும் அதே கதை.

இன்று மூன்றாம் தடவை. வாசலில் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. பழைய இரும்புக்கடை மூஸா பெட்டியை எடைக்குக்கூட வேண்டாம் என்றுவிட்டார். பண்ணையாரோ எதையும் சும்மா விட்டுப்போகிறவர் அல்ல; வாசற்படிக் கல்லையே பெயர்த்து லாரியில் ஏற்றியிருக்கிறார்.

"வேற எப்படியும் எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்கிறார் வீரையன், துண்டை விரித்தபடி. அந்தப் பணிவை நான் துளியும் நம்பவில்லை.

பண்ணையார் லாரியைப் பார்க்கிறார், தெருவைப் பார்க்கிறார். கை துண்டுக்குள் போகிறது. மறுநிமிடமே விலை படிகிறது; பண்ணையார் தலையை ஆட்டிவிட்டுக் கையை இழுக்கிறார். வீரையன் விடவில்லை. துண்டுக்குள் விரல்களைப் பிடித்தபடியே, புகைபோக்கியில் துரு எந்த வருசம் பிடித்தது என்று நிதானமாக விசாரிக்கிறார்.