கிளிமூக்குச் சேவலும் புரட்டாசி லீவும்

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கரன்கோவிலில் டீச்சராக இருந்தேன். கணவர் ராணுவத்தில், வடக்கே பனி விழும் இடத்தில். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது ஐந்து மாதம்கூட இருக்காது. மீதியெல்லாம் இன்லண்ட் கடிதம்தான்.

கடிதத்தில் எழுத என்ன இருக்கிறது? சௌக்கியம், மழை இல்லை, தண்ணீர் கஷ்டம். அப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான், வருகிற ஆடித் தபசுக்குக் கோழிக் கண்காட்சி வைக்கப் போவதாக மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்கள். நாமும் ஒரு கோழி வைத்தால் என்ன என்று விளையாட்டாக அவருக்கு எழுதினேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வந்த பதில் முழுக்கக் கோழிதான். எந்த இனம் வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்று நுணுக்கி நுணுக்கி எழுதி, தபசுக்கு லீவில் வந்துவிடுவேன், இரண்டு பேருமாகக் கூண்டைத் தூக்கிக்கொண்டு போவோம் என்று முடித்திருந்தார். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கலப்புக் கோழியைக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள், கொண்டை, கால், வால் எல்லாம் அந்தந்த இனத்துக்கு உள்ளபடி இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னார். கணவருக்கு வெள்ளை லெகார்ன்தான் ஆசை. அவர் பேச்சுக்காக இரண்டு வாங்கி வளர்த்தேன். எங்கள் வீட்டைச் சுற்றிக் கரிசல் மண். ஒரு மழைக்கே வெள்ளை போய்ச் சாம்பலாகிவிட்டன. கூட வேலை பார்த்த டீச்சர் சிவப்பு ரோட் ஐலண்டு வைத்திருந்தார். நல்ல கோழிதான், ஆனால் என் மனதில் ஒட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை சிவகிரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த அம்மா ஒருவர் கிளிமூக்குச் சேவல் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கடைக்குப் பின்னால் மயில் நிறத்தில் ஒன்று நின்றது. வளைந்த மூக்கு, கரும்பச்சை மின்னும் வால். வால் அருவி மாதிரிப் பின்னால் வழிந்து கிடந்தது. பார்த்ததும் விலை கேட்டுவிட்டேன்.

“தூக்கிப் பாருங்க டீச்சர். வால் மண்ணுல இழுபடாம பாத்துக்கிடணும், அவ்வளவுதான்” என்றார் அந்த அம்மா.

லெகார்ன் வேண்டாம், இதுதான் என்று அன்றைக்கே கணவருக்கு எழுதினேன். நீ பார்த்தால் சரிதான், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது. வாலுக்காகவே அது ஏறி உட்கார உயரமாக ஒரு கட்டை அடித்துக் கொடுத்தேன். கம்பும் கேழ்வரகும் போட்டேன். ஆடி பிறந்தபின், பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டியோடு யார் இறங்கினாலும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன்.

தபசுக்கு நாலு நாள் முன்னால் லீவைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கடிதம் வந்தது. கூண்டை ரிக்‌ஷாவில் வைத்து நான் தனியாகவே போனேன். கோழி பார்க்க வந்த டாக்டர் சேவலின் வாலைக் கையில் ஏந்தி விரித்துப் பார்த்தார். நாட்டு இனத்தில் முதல் பரிசு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவர் வந்தது புரட்டாசியில். அதற்குள் சேவல் இறகு உதிர்த்துவிட்டது. பின்புறம் மொட்டையாக, கழுத்தில் முள் முள்ளாகக் குருத்து நீட்டிக்கொண்டு நின்றது. அவர் செருப்பைக் கழற்றாமல் முதலில் கூண்டுப் பக்கம்தான் போனார்.

“ஏட்டி, இதுக்கா பரிசு குடுத்தாவ?”

“அப்போ வால் இருந்துச்சு. நீங்க பாத்திருக்கணும்” என்றேன்.

சிரிக்க நினைத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. அதன்பின் தினமும் காலையில் நாங்கள் சேர்ந்து குனிந்து வாலில் முளைக்கும் குருத்துகளைப் பார்ப்போம். விரல்கடை அளவு வந்தது. ஒரு சாண் வந்தது. வளைவதற்குள் லீவு முடிந்தது. ரயில் ஏறும்போது, “அடுத்த தடவ முன்னாடியே வாரேன்” என்றார்.

மறு வருஷமும் அவருக்குப் புரட்டாசியில்தான் லீவு கிடைத்தது. அதற்கடுத்த கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து சேவல் செத்துப்போனது. செய்தியை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அவர் பதிலில் சேவலைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்குத் தனியாக இருக்கப் பயமாயிருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தார்.