ராமலட்சுமி மதினியின் சட்டையைத் தேடித் திருத்தங்கலுக்கு

மதியம் இரண்டு மணிக்கு விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினேன். போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் ஏறினேன், யாரையும் கேட்கவில்லை. மடியில் துணிப்பை. அதற்குள் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய புதுச் சட்டை. அதைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய சட்டையை வாங்கி வரத்தான் இந்தப் பயணம்.

"எங்க போறீக ஆத்தா?" என்றார் கண்டக்டர்.

"திருத்தங்கல்."

"மகளப் பாக்கவா?"

"ஒரு சட்டையப் பாக்க."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். இருபது ரூபாய்.

அது ராமலட்சுமி மதினியின் சட்டை. எங்கள் தெருவில் காலையில் வெடி கம்பெனி வேன்கள் ஆளேற்றிப் போய்விட்டால், சாயங்காலம் வரை வீடெல்லாம் பூட்டுத்தான். திருடர்கள் பட்டப்பகலில் பூட்டை உடைத்தார்கள். மதினிதான் வேலைக்குப் போகாத பெண்கள் ஆறு பேரைச் சேர்த்து ரோந்து கிளம்பினார். சேலைக்கு மேல் கோடுபோட்ட ஆம்பளைச் சட்டை, கழுத்தில் விசில். ஒருநாள் மதினி பிடித்த திருடன் திமிறியதில் சட்டையின் இடது கை கிழிந்தது. மதினி பிடியை விடவில்லை. அன்றைக்கே அதைத் தைத்துக் கொடுத்தது நான்.

மதினி இறந்து ஒரு வருடம். எங்கள் மகளிர் மன்றத்துக் கண்ணாடி அலமாரியில் அவர் நினைவாக அவருடைய செருப்பு, தலைத்துண்டு, விசில் எல்லாம் சேர்த்துவிட்டேன். ஹேங்கர் மட்டும் காலி. சட்டை, திருத்தங்கலில் வெடி கம்பெனி வேலைக்குப் போகும் அவருடைய அண்ணன் மகள் முத்துமாரியிடம் போய்விட்டிருந்தது.

ஆமத்தூர் தாண்டியதும் வெடி கம்பெனி ஷெட்டுகள். ஒன்றுக்கொன்று ஒட்டாமல், கோபித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. மூன்று மணிக்குத் திருத்தங்கலில் இறங்கி, வேன் நிற்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்கு வேன் வந்தது. இறங்கிய பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் சட்டை, முகமெல்லாம் வெடிமருந்தின் வெள்ளிப்பொடி. யார் எவரென்று தெரியவில்லை. சட்டையைத்தான் முதலில் அடையாளம் கண்டேன், அப்புறம்தான் அதற்குள் இருந்த முத்துமாரியை.

"வாங்க பெரியம்மா, எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?"

"சாப்பாடு கெடக்கட்டும். அந்தச் சட்டையக் களட்டு தாயி."

"ஏ முத்துமாரி, ரோட்டுலயே உரிக்காக பாரு," என்று வேனுக்குள்ளிருந்து ஒருத்தி சிரித்தாள்.

அவள் வீட்டுக்குப் போனதும், நான் வந்த விஷயத்தைச் சொல்லிப் புதுச் சட்டையை எடுத்து வைத்தேன். முத்துமாரி துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்தாள்.

"கோவிச்சுக்கிடாதீக பெரியம்மா. இது பாலியஸ்டரு. உரசுனா பொறி வரும். வெடிமருந்து இருக்கிற எடத்துல ஆகாது, கம்பெனி கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாக. அத்தை சட்டை சுத்தக் காட்டன்."

"நல்ல துணின்னு சொல்லித்தான கடைக்காரன் குடுத்தான்."

"நல்ல துணிதான். கல்யாண வீட்டுக்குப் போடலாம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்து, "இம்புட்டுத் தூரம் வந்துட்டீக. எடுத்துட்டே போங்க, எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு," என்றாள். சொன்னாளே தவிர, கை பொத்தானிலேயே நின்றது.

"என்ன யோசன?"

"ஒண்ணுமில்ல. இதப் போட்டுக்கிட்டு உள்ள போனா அத்தை கூட வாற மாதிரி இருக்கும். பயம் தெரியாது."

அடுத்த வாரம் காட்டன் சட்டையோடு வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, சட்டையின் இடது கையைப் பிடித்துப் பார்த்தேன். என் தையல் அப்படியே இருந்தது. ஓரத்தில் மட்டும் இரண்டு விரற்கடை விட்டிருந்தது. ஊசி கேட்டேன்.

"நூலு காட்டன்தான பெரியம்மா?"

"ஒன் வீட்டு நூலுதான். நீயே பாத்துக்கோ."

பழைய தையலின் மேலேயே நெருக்கமாக இன்னொரு வரிசை போட்டுவிட்டு, ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். புதுச் சட்டை என்னோடு திரும்பி வந்தது. அதையாவது மாட்டலாமே என்றார்கள் மன்றத்தில். நான் விடவில்லை. திருத்தங்கலில் கம்பெனி கேட்டில் நிற்பவருக்கே எந்தத் துணி என்று தெரிகிறது. எங்கள் அலமாரிக்குத் தெரியாமல் போகுமா?

ஹேங்கர் இன்னும் காலிதான். சட்டை எங்கே என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: காலை வேனில் வேலைக்குப் போயிருக்கிறது.