கதவில் மாட்டிய கட்டக் காகிதம்

புளி உலுக்க ரங்கன் ஏறினால் கிளைக்குச் சேதம் வராது என்பது ஜவ்வாது மலையில் நாலைந்து ஊர்களுக்குத் தெரிந்த சங்கதி. அறுபத்தைந்து வயதிலும் கால் மாற்றிக் கால் மாற்றி உச்சிக்குப் போய்விடுவார். பிடிவாதத்திலும் அதே உயரம்தான். போன வருஷம் இடக்கண்ணில் தூசி விழுந்து, அதைக் கசக்கிக்கொண்டு நின்றபோது, எதிரே வந்த சொந்த மச்சானையே “யாருப்பா அது?” என்று கேட்டுவிட்டார். அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. வலக்கண்ணின் நடுவில் புகை அடைத்தாற்போல ஒரு கறை. ஆறு மாதமாக மனுஷர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மனைவி அம்சவல்லிதான் திட்டிக்கொண்டே செங்கத்தில் நடந்த கண் முகாமுக்கு அவரை இழுத்துப் போனாள். கோகிலவாணி என்ற டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார்.

“வயசானா சிலருக்கு விழித்திரையோட நடுப்பகுதி தேயும்ங்கய்யா. வலது கண்ணுல போன பார்வை திரும்பாது. இடது கண்ணுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. அதைத்தான் விடாம கவனிக்கணும்.”

கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

“தினமும் காலையில கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு முழம் தள்ளி நின்னு, வலது கண்ணைப் பொத்திக்கிட்டுப் புள்ளியையே பாருங்க. கோடு வளைஞ்சாலோ, மறைஞ்சாலோ, அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பி எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. உடனே கண்ணுக்குள்ள ஊசி போட்டா காப்பாத்திடலாம். நாள் கடத்தினா முடியாது. காகிதம் இல்லைன்னா கரண்ட் கம்பத்தைப் பாருங்க, அது நேரா தெரியணும்.”

கண்ணுக்குள் ஊசி என்றதும் ரங்கனின் முகம் சுண்டிப்போயிற்று. தேன்கூட்டுக்குப் பயப்படாத ஆள், பஸ்ஸில் வழியெல்லாம் இடக்கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தார்.

காகிதத்தைக் கதவில் ஆணியடித்து மாட்டினாள் அம்சவல்லி. அதைப் பார்க்காமல் மரமேறக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். காலையில் கூழ் குடித்த கையோடு ரங்கன் கதவுக்கு எதிரே நிற்பார்.

“கோடு எப்டி கீது?”

“நேரா கீது.”

எட்டு மாதம் இப்படியே போயிற்று. அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அந்த மாசி, பங்குனியில் புளி உலுக்கினார். புரட்டாசியில் சாமை அறுத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தீப்பெட்டி உரசினால் பற்றவில்லை. காயப்போட்ட சேலை நாலு நாளாகியும் ஈரமாகவே இருந்தது. அப்படியொரு காலையில் புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு கோடுகள் நெளிந்து தெரிந்தன. ரங்கன் கிட்டே போய்த் தொட்டார். காகிதம் மெய்யாகவே நமுத்து, ஓரம் சுருண்டிருந்தது. அவருக்கு உயிர் திரும்பி வந்தது.

“காயிதம் நமுத்துப்பூச்சும்மே. கோடெல்லாம் கோணலா கீது.”

அம்சவல்லியும் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், வளைந்துதான் இருந்தது. ஆணியிலிருந்து கழற்றிச் சாமை மூட்டைக்கு அடியில் வைத்தாள். வெயில் வரட்டும், நிமிர்ந்துவிடும் என்று இரண்டு பேருமே நம்பினார்கள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்தவர் கண்ணுக்குள் புகுந்து பார்க்க யாருக்குத்தான் வழி இருக்கிறது? ஆனால் ரங்கன்மீது எனக்குக் கோபம் உண்டு. வீட்டுக்கு எதிரிலேயே மின்கம்பம் நின்றது. அந்த நாட்களில் ஒருமுறைகூட அவர் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு அதைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்தால் தலையைக் குனிந்துகொண்டார்.

பதினாறாம் நாள் வெயில் அடித்தது. அம்சவல்லி மூட்டையை நகர்த்திக் காகிதத்தை எடுத்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிக் கதவில் மாட்டினாள்.

“இப்ப பாருய்யா. பலகையாட்டம் கீது.”

ரங்கன் வலக்கண்ணைப் பொத்தினார். புள்ளி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. சுற்றிலும் கோடுகள் ஓடைத்தண்ணீர் போல் நெளிந்தன. கையை நீட்டித் தொட்டார். காகிதம் வழவழவென்று நேராக இருந்தது. அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாய்யா?”

“பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணுக்குள் படமெடுத்துப் பார்த்துவிட்டு, “எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்றார்.

“இன்னிக்குக் காலைலதாம்மா,” என்றாள் அம்சவல்லி.

“பதினாறு நாளு,” என்றார் ரங்கன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ரங்கனுக்கு. உள்ளே ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது, ஊசி போட்டால் இதற்குமேல் பரவாமல் நிறுத்தலாம், போனது போனதுதான் என்றார். ஊசி போடும்போது ரங்கனுக்கு ஒன்றும் பெரிதாக வலிக்கவில்லை. இதற்கா பயந்தோம் என்று நினைத்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது.

மறுபடியும் மாசி வந்தது. வேறு ஆட்கள் மரத்தில் ஏறிக் கிளைகளை ஒடித்தார்கள். ரங்கன் கீழே உட்கார்ந்து, கைக்கு அகப்பட்ட புளியம்பழத்தை ஓடு தட்டினார். காகிதம் மட்டும் இன்னும் கதவில் தொங்குகிறது. கறை பெரிதாகிறதா என்று பார்க்க வேண்டுமாம். கோடு மறையும் விளிம்பை ரங்கன் விரலால் தொட்டுக் காட்ட, அம்சவல்லி அந்த இடத்தில் கரியால் குறி போடுகிறாள். போன மாதக் குறிக்குமேலேயே இந்த மாதமும் விழுந்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் குறி போட்டு முடித்தவள் அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

“என்னப் பாரு. இன்னா தெரியுது?”

ரங்கன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, நேராக, வெகுநேரம் பார்த்தார்.

“கம்மலு ரெண்டும் தெரியுது,” என்றார்.

“நடுவுல?”

அவர் கையை நீட்டி, இரண்டு கம்மல்களுக்கும் நடுவே அவள் முகத்தைத் தடவிப் பார்த்தார். கன்னம் ஈரமாக இருந்தது.