பசாங்கின் கயிறு

பேய், பிசாசு என்று யாராவது கதையை எடுத்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிற ஆள் நான். கோயிலுக்குப் போவதுகூட மனைவியின் தொல்லை தாங்காமல்தான். ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். அது நடக்கும்வரை நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

நாங்கள் சுவிஸில், ஆராவ் நகரத்தில் இருக்கிறோம். எனக்குக் கோடை தவிர்ந்த மாதங்களில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கோடையில் வாலிஸ் மலைப்பக்கம் பனியாற்றுக்கு மேலே, மலையேறுகிறவர்கள் தங்கிப்போகும் ஹுட்டே ஒன்றில் சமைப்பேன். அங்கேதான் பசாங் பழக்கமானான். நேபாளத்து ஷெர்பா. கோடையில் எங்களோடு கோப்பை கழுவி விறகு பிளப்பான், வசந்தத்தில் எவரெஸ்ட்டில் வெளிநாட்டுக்காரருக்குக் கயிறு கட்டி, அவர்களுடைய கூடாரத்தையும் ஒக்சிசனையும் சுமப்பான். உச்சிக்குப் போகிறவர் ஓரிரு தடவை கடந்தால் போதும் என்கிற பனிச்சரிவை இவர்கள் சுமையோடு திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். அப்படிக் கடந்த ஒரு நாளில் அவனுடைய தம்பி பனிவெடிப்புக்குள் போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த வருடமும் பசாங் அதே வழியால் சுமை தூக்கினான்.

ஏன் போனாய் என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைச் சமையலறை ஜெர்மன்தான். நான் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டுப் பழகியோ என்னவோ, ‘அண்ணை’ என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே சொல்வான். அவன் சொன்னதை நம்முடைய பேச்சில் சொன்னால், “பிள்ளையள் பள்ளிக்கூடம் போகினம், அண்ணை. வேறை என்ன செய்யிறது?” அவ்வளவுதான்.

ஒவ்வொரு காலையும் தம்பிக்கென்று ஒரு கோப்பை தேநீரை யன்னலில் வைப்பான். ஆறிய பிறகு வெளியே கல்லில் ஊற்றிவிடுவான். பருவம் முடிந்து ஹுட்டேயைப் பூட்டும் நாள், மற்றவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேர்தான். அவன் வெளியே யன்னல் கதவுகளை அடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கோப்பையைப் பார்த்தேன். நம்முடைய வீடுகளில் செத்தவருக்குப் படைத்ததை இருக்கிறவர்கள் பகிர்ந்து சாப்பிடுவோம் அல்லவா, தொடாமல் விட்டால்தான் மரியாதை இல்லை. நான் கனக்க யோசிக்கவில்லை. அந்தப் பொடியனை நினைத்து எடுத்துக் குடித்துவிட்டேன்.

பனியாற்றில் இறங்கும்போது பசாங் எங்கள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டினான். அவன் முன்னால், நான் கடைசி. வழியில் பனிப்புகார் இறங்கி, அவனே தெரியவில்லை, கயிறு மட்டும் வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தே நடந்தேன். திடீரென்று கயிறு என்னை முகம்குப்புற விழுத்தியது. அவன் காலுக்குக் கீழே பனி உடைந்து வெடிப்புக்குள் போய்விட்டான் என்று விளங்கியது. அவன் பாரம் முழுவதும் என் இடுப்பில். நான் வழுக்கிக்கொண்டே போகிறேன், பனிக்கோடரியைக் குத்தினால் பிடிக்கவில்லை, வெடிப்பின் வாய் கிட்டக் கிட்ட வருகிறது. இரண்டு பேரும் முடிந்தோம் என்றே நினைத்தேன்.

அப்போது பின்னால் யாரோ என் இடுப்புப்பட்டியைப் பிடித்தார்கள். நம்பினால் நம்புங்கள், பிடித்துக்கொண்டு பின்பக்கமாகக் குந்திய மாதிரி ஒரு பாரம். நான் நின்றுவிட்டேன். பின்னால் மூச்சு வாங்குவதும் கேட்டது. வேறு மலையேறுகிறவர் யாரோ என்று நினைத்து, திரும்பக்கூட முடியாமல், “டாங்கே, டாங்கே” என்று ஜெர்மனில் நன்றி சொல்லிக் கத்திக்கொண்டே கிடந்தேன்.

பசாங் மேலே ஏறி வந்ததும் பட்டியிலிருந்த பிடி விட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். நான் திரும்பினேன். பனியில் எங்கள் அடிகளும் நான் இழுபட்ட தடமும்தான் இருந்தன.

“யன்னல்லை இருந்த தேத்தண்ணியை நீங்கள் குடிச்சனீங்களோ?”

“ஓம். பிழையோ?”

அவன் தொப்பியைத் திரும்பப் போட்டான். “எங்கடை வீட்டிலை செத்தவையின்ரை பங்கை ஒருத்தரும் தொடமாட்டம். தொட்டால் அவையின்ரை கயித்திலை நாங்களும் ஒராள். பிறகு அவிழ்க்கேலாது, அண்ணை.” அதைச் சொல்லிவிட்டு என் முடிச்சைச் சரிபார்த்தான். நான் பயத்தில் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில், முதியோர் இல்லத்தில் மதியச் சூப்பை அள்ளிக்கொண்டு நின்றேன். இடுப்பை முன்னாலிருந்து யாரோ வெடுக்கென்று இழுத்த மாதிரி, போய் மேசையில் மோதினேன். சூப் எல்லாம் நிலத்தில். மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தலைச்சுற்று என்று கதிரை கொண்டுவந்து தந்தார்கள். இருந்தேன், ஆனால் இழுவை போகவில்லை. சில நாளில் ஹுட்டே நடத்துகிற அம்மா தொலைபேசியில் அழுதார். நான் சூப்பைக் கொட்டிய அதே நாள், தம்பி போன அதே சரிவில் பசாங்கும் போய்விட்டான். அவனும் கிடைக்கவில்லை.

வைத்தியர் முதுகைப் படமெடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். இப்போது காலையில் பல்கனியில் இரண்டு கோப்பை வைக்கிறேன். நான் தொடுவதில்லை. வைக்கிறபோது கொஞ்சம் இலேசாகும், பிறகு அதே பாரம். பின்னால் ஒரு கை வந்து பிடிக்காதா என்று எத்தனையோ தடவை நின்று பார்த்துவிட்டேன், வரவில்லை. இந்த முறை நான் ஒருவன்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விட்டால் அவன் எங்கே போவான் என்பதுதான் என் பயம்.

போன மாதம் மனைவி கேட்டாள்: “இஞ்சருங்கோ, நித்திரையிலை ஏன் கட்டில் சட்டத்தை இந்தப் பிடி பிடிக்கிறியள்?”

கனவு என்றேன். அவள் நம்பிய மாதிரித் தெரியவில்லை. காலையில் எழும்பினால் அவளும் படுத்திருக்கிற கட்டில் பல்கனிப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இருவருமாகத் திரும்பச் சுவரோடு தள்ளி வைக்கிறோம்.