மகிழங்கன்றுக்குக் கவ்வாத்து

இந்த மரம் நல்லதா, அந்த மரம் நல்லதா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். நாலாம் வகுப்பில் படித்தபோது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அப்படியொரு பேச்சுக்குப் பறிகொடுத்தவன் நான். பறிகொடுத்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கடைசியில் அந்தப் பேச்சை முடித்துவைத்த பெரிய மனிதனும் நான்தான்.

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக்கிடக்கும் லய அறைகளை விட்டுப் புது வீட்டுக்கு வந்து அப்போது நாலைந்து மாதம் ஆகியிருந்தது. தனி வீடு என்று ஊருக்குள் பெயர். உள்ளே சுவர் பூசவில்லை, சமைக்கிற குசினிக்குக் கதவில்லை, மழை சாய்ந்து அடித்தால் நாங்களும் சாய்ந்து உட்கார வேண்டும். அந்த மிச்ச வேலைகளுக்காக அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. இரண்டு வருடம். வருகிற புதன்கிழமை பயணம்.

எனக்கு எல்லாம் தெரியும். வகுப்பில் மூன்று பேருக்குக் கைக்கடிகாரம் வரவழைத்துத் தருவதாக வாக்குக்கூடக் கொடுத்திருந்தேன். அப்பாதான் ஒன்றும் சொல்லாமலிருந்தார். போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவர், அன்றிலிருந்து சாயங்காலமானால் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வயதான தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்கும் வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். பார்த்தால் மலையே செத்துவிட்டது போலிருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் துளிர் கொப்பளித்துக்கொண்டு கிளம்பும். அந்த வேலையில் தோட்டத்தில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை.

அந்த ஞாயிறு காலையில் வவுனியாவிலிருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. அங்கே காணி கிடைத்துக் குடியேறியவர். அம்மாவை வழியனுப்ப வந்தவர் கையில் இரண்டு பொலித்தீன் பைகள், பைக்கொரு கன்று. வீட்டு வாசலுக்கு ஒரு மரம் வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தாள். இவர் இரண்டு கொண்டுவந்து, எது நல்லது என்று முடிவு செய்யும் வேலையை எங்கள் தலையில் கட்டினார். ஒன்று பாலை, ஒன்று மகிழம். பாலை இலையின் நுனியை யாரோ கிள்ளிவிட்டது போலிருந்தது. மகிழ இலை ஓரத்தில் சிற்றலை அடித்தது. மற்றபடி இரண்டும் என் முழங்காலுக்குக் கீழேதான்.

"ரெண்டுக்கும் தண்ணியே ஊத்த வேணாம் மச்சான்," என்றார் மாமா. "எங்க பக்கம் ஆறு மாசம் மழ இல்லாட்டியும் எல வாடாது."

வெளியே நாலு நாளாக விடாத மழை. அடுப்புக்கு மேலே என் பள்ளிக்கூடக் காற்சட்டை புகையில் காய்ந்துகொண்டிருந்தது.

"மாப்ள, இங்க மரத்துக்குக் கொட புடிக்கத்தான் ஆள் வேணும்," என்றார் அப்பா.

"அக்கா இல்லாட்டி தண்ணி ஊத்த ஆளிருக்காதேன்னு பாத்துப் பாத்துக் கொண்டாந்தேன்..."

மாமா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஆரம்பித்தது ஒப்பீடு. வாசலில் ஒரு மரத்துக்குத்தான் இடம். பின்னால் மண்மேடு, பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற கான். பாலை இரும்பு மாதிரி, கறையான் வாய் வைக்காது, பழம் தேனாக இருக்கும் என்றார் மாமா. அந்தப் பழத்தைத் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும் என்றார் அப்பா. இந்த வீட்டில் சிலருக்கு உதடு ஒட்டினால் நல்லதுதான் என்று மாமா என்னைப் பார்த்தார். மகிழம் குடை மாதிரி நிழல் கட்டும், பூ வாசம் தெருமுனை வரைக்கும் வரும் என்றார். வேர் அஸ்திவாரத்துக்குள் போகுமா என்றார் அப்பா. போகாது. இலை கொட்டுமா? இரண்டும் வருடம் முழுக்கப் பச்சைதான். காற்றுக்குத் தாங்குமா? தாங்கும். இந்தக் குளிருக்கு? மாமாவுக்கு அது தெரியவில்லை. ஒரு மாதமாகப் பேசாத அப்பா அன்று பேசியதை எல்லாம் சேர்த்தால் இன்னொரு மாதத்துக்குக் காணும்.

அம்மா அரிசி களைந்துகொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டு வருசத்துல எம்புட்டு ஒசரம் வரும்?"

மாமா தலையைச் சொறிந்தார். "பால முட்டிக்கு வந்தாப் பெருசு. மகிழு கொஞ்சம் கூட, இடுப்புக்கு வரலாம். ரெண்டும் மெதுவாத்தான்க்கா வளரும். ஆனா நூறு வருசம் நிக்கும்."

"அப்ப அவசரப்படக்கூடாது," என்றார் அப்பா உடனே. "நூறு வருசத்துக்கு நிக்கிறது. ஒரு மாசம் கழிச்சு, யோசிச்சு, எல்லாருமா இருந்து நடுவோம்."

"புதன்கெழம நான் இருக்க மாட்டேங்க."

"அதான் சொல்றேன், ஒரு மாசம்..."

"மகிழ நடுங்க," என்றாள் அம்மா. கோபமில்லை, பத்துக் கிலோக் கொழுந்தை இறக்கி வைக்கிற மாதிரி ஓர் அலுப்பு. "பேசுனது போதும்."

மழை சற்று விட்டதும் அப்பா குழி வெட்டினார். ஒரு சாண் கன்றுக்கு ஓர் ஆளையே புதைக்கிற அளவுக்கு ஆழமாக, மெதுவாக வெட்டினார். நட்டு முடிக்கப் பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. சாப்பிட்டதும் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் கண்ணயர்ந்தார்கள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருடத்தில் இடுப்பளவு என்பது எனக்கு மானப் பிரச்சினையாகப் பட்டது. அம்மா ஆகாயக் கப்பலில் வந்து இறங்கும்போது வாசலில் ஒரு மரமாவது நிற்க வேண்டாமா? அதற்கு வழி என்ன என்று வவுனியாக்காரருக்குத் தெரியாமலிருக்கலாம். கவ்வாத்துக்காரர் மகனுக்குத் தெரியாதா?

தொடக்கூடாத கத்தியைத் தொட்டேன். வெட்டுமுகம் சரிந்திருக்க வேண்டும், மழைத்தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகும் என்று அப்பா புதுப் பையன்களுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதன்படியே சரித்து, ஒரே வீச்சு. வெட்டி விழுந்ததை மலையில் செய்வது போலவே அடியில் பரப்பியும் வைத்தேன். நாலு விரல் உயரத்தில் ஒரு குச்சி நின்றது. இனித் துளிர்க்க வேண்டியது அதன் பொறுப்பு என்று உள்ளே வந்தேன்.

தேநீரோடு வெளியே வந்த அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"யாருடா இது?"

"நான்தாம்மா. கவ்வாத்துப் பண்ணியிருக்கேன். சீக்கிரம் வளரும்."

அப்பா வந்தார். குனிந்து பார்த்தார். பழக்கம் விடவில்லை போலும், கட்டைவிரலால் வெட்டுமுகத்தைத் தடவினார்.

"வெட்டு சுத்தமாத்தான் இருக்கு."

"நாளைக்கே தோட்டத்துல பேர் பதிஞ்சிரலாம் மச்சான்," என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவன விட்டுட்டு நான் எப்புடிப் போறது? காலைல வேலைக்குப் பேர் குடுக்க நீங்க பெரட்டுக்குப் போயிருவீங்க. இன்னைக்கி மரத்த வெட்டுனான், நாளைக்கிக் கைய வெட்டிக்கிட்டான்னா?" அப்பாவைத்தான் கேட்டாள். "சொல்லுங்க. நான் எப்புடிப் போறது?"

அப்பா நிமிர்ந்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் முகத்தில் நான் பார்க்காத ஏதோ ஒன்று வந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதத்தான் புள்ள நானும் ஒரு மாசமா..."

அந்த வாக்கியத்தின் முடிவில் என் முதுகில் விழப்போகிற தேயிலைக்கம்பு எனக்குத் தெரிந்தது. குறுக்கே பாய்ந்தேன். "நீங்க போங்கம்மா! நான் இனிமே கத்தியத் தொடவே மாட்டேன். சாமி சத்தியமா. நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போவேன். சோறாக்கக்கூடக் கத்துக்குவேன். நீங்க ஒன்னும் யோசிக்காமப் போங்க!"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "பெரிய மனுசன் சொல்லிட்டாரு," என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று அவள் சேலைக்குள்ளிருந்து எனக்குத் தெரியவில்லை. அப்பா வாயை மூடிக்கொண்டார். மாமா குச்சியைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் பாலையை நட்டார்.

அன்று எனக்கு அடி விழவில்லை. பேசியே தப்பித்துவிட்டேன் என்ற பெருமை புதன்கிழமை காலையில் அம்மாவை பஸ் ஏற்றும் வரைக்கும் இருந்தது. அப்பா அந்த மூன்று நாளும் என்னை அடிக்கடி ஒரு மாதிரியாகப் பார்த்தார். கத்தியைத் தொட்ட கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்து, அவர் கைக்கு எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டேன்.