எங்கள் வீட்டுக் கூட்டணி

டென்மார்க் தொலைக்காட்சி நாடகம் ஒன்றை நானும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து பார்க்கத் தொடங்கியபோது, அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் என்று நான் நினைக்கவேயில்லை. அரசியல் நாடகம். கட்சித் தலைவர்கள், அமைச்சர்கள், செய்தி வாசிக்கிறவர்கள், இவர்களுக்குப் பின்னால் நின்று எந்தக் கதையை எந்தப் பத்திரிகைக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்கிற ஆலோசகர்கள். அடிதடி கிடையாது. எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டே ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள்.

லண்டனில் மற்றவர்கள் அதைக் திரையின் கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசித்துத்தான் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது தேவையில்லை. லண்டனின் இந்தச் செவன் கிங்ஸ் பகுதிக்கு வருவதற்கு முன் பதின்மூன்று வருடம் நாங்கள் டென்மார்க்கில் இருந்தவர்கள். நானும் கணவரும் அகதியாகப் போய் இறங்கிய நாடு அது, மகள் பிறந்த நாடும் அதுதான். ஆகவே நான் அந்த ஆங்கிலத்தோடு சண்டை பிடித்துக்கொண்டேதான் பார்ப்பேன். "அவன் எங்க அப்பிடிச் சொன்னவன்? பச்சைப் பொய்!" என்று கத்துவேன். "அம்மா, படத்தைப் பாருங்கோ" என்பாள் மகள்.

மகளுக்கு முப்பத்திமூன்று வயது. காற்றாலைப் பொறியியலாளர். லண்டனின் மறுபக்கம் லூயிஷாமில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். ஞாயிறு மதியம் ரயில் மாறி மாறி வருவாள். "வா பிள்ளை, ட்ரெயின் ஒழுங்கா ஓடினதே?" என்று கேட்டுக் கதவைத் திறப்பார் அப்பா. "ஓம்" என்பாள். அவ்வளவுதான், அவர்களுடைய அன்றைய பேச்சு முடிந்துவிடும். அவர் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைப்பார். பிறகு பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய வெந்தயக் கீரையும் நாலு ரோசாவும் இருக்கின்றன. மழை தூறினாலும் உள்ளே வரமாட்டார்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. பிறந்தநாளுக்கு அவருக்கு நல்ல கம்பளிச் சட்டை வாங்கி வருவாள். மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் லீவு போட்டுக்கொண்டு வந்து கூட்டிப்போவாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதையைக் கரைத்தா குடிப்பது? தகப்பனிடம் வாய்விட்டு ஒரு கதை சொல்லி இருபத்திரண்டு வருடம். ஏனென்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டென்மார்க் பள்ளிக்கூடங்களில் வாரத்தில் ஒரு மணித்தியாலம் 'வகுப்பு நேரம்' என்று வைப்பார்கள். பாடம் நடக்காது. பிள்ளைகள் வட்டமாக இருந்து தங்களுக்குள் உள்ள பிரச்சினைகளைக் கதைப்பார்கள். யார் யாரை விளையாட்டில் சேர்க்கவில்லை, யார் மனம் நோகப் பேசியது என்று எல்லாம் அங்கே வெளியில் வரும். முறைவைத்து ஒரு பிள்ளை வீட்டிலிருந்து கேக் கொண்டுபோக வேண்டும். கதைத்து முடித்துக் கை உயர்த்தி முடிவெடுத்துவிட்டுக் கேக் சாப்பிடுவார்கள். ஏழு வயதில் மகள் இந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினி மேசையில் மூன்று பேரும் இருக்க வேண்டும். நான் ஏலக்காய் போட்டுக் கேக் செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு வாக்கு.

எங்கள் ஆட்கள் வீட்டில் ஏழு வயசுப் பிள்ளைக்கு வாக்கா! செவன் கிங்ஸில் இருந்த என் அக்கா தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே?" என்று கேட்டாள். ஆனால் கணவர் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. அவர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே தொழிலாளர்கள் கை உயர்த்தித் தெரிவுசெய்த பிரதிநிதி அவர். அந்த ஆலையில் எங்கள் நிறத்தில் இரண்டு பேர்தான். வெள்ளைக்காரரெல்லாம் சேர்ந்து இவரைத் தெரிவுசெய்தார்கள். முதலாளிக்கு எதிரே கதிரை போட்டு இருந்து, நல்ல டேனிஷில், குரலை உயர்த்தாமல் கதைப்பாராம். அப்படிப்பட்டவர் மகளின் கூட்டத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து இருப்பார். சைக்கிளுக்கு என்ன நிறம், டிசம்பர் நத்தார் விடுமுறைக்கு எங்கே போவது என்று எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு நடந்தது. நானும் அவரும் பல தடவை தோற்றிருக்கிறோம்.

மகளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது லண்டனுக்குக் குடிபோகும் பேச்சு வந்தது. அது தெரிந்ததும் அவள் என்னைக் கட்டிலில் வைத்து மடக்கினாள். "அம்மா, நீங்கள் என்ர பக்கம்தானே?" என்றாள். "ஓம் பிள்ளை, நான் உன்ர பக்கம்தான்" என்றேன். கையில் அடித்துச் சத்தியமும் செய்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. கேக் மேசையில் இருந்தது. "லண்டன் போறதுக்கு விருப்பமான ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்றாள் மகள், குரல் நடுங்க. அவர் கையை உயர்த்தினார். நான் குனிந்துகொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வேறு வழியில்லாதவளைப் போல என் கையையும் மெல்ல உயர்த்தினேன். இரண்டுக்கு ஒன்று. அவள் கேக்கைத் தொடாமல் எழுந்து போனாள். நான் பின்னால் போய்த் தலையைத் தடவி, "என்ன செய்யிறது பிள்ளை, அப்பா பிடிவாதமா நிக்கிறார்" என்றேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வகுப்பு நேரம் நடக்கவில்லை. லண்டனில் அவளே எல்லாவற்றையும் முடிவுசெய்தாள், என்னிடம் மட்டும் சொன்னாள். அப்பாவிடம் சொல்வது என் வேலை.

இந்த வருடமும் அப்படித்தான். டென்மார்க்கில் வேலை கிடைத்துவிட்டது, ஒரு மாதத்தில் போகிறேன், திரும்பி வருகிற யோசனை இல்லை என்று தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பாட்டச் சொல்லு" என்றேன்.

"நான் போன பிறகு நீங்கள் சொல்லுங்கோ. அங்கயிருந்து என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தவர் அவர்தானே. அவரிட்ட அனுமதி கேட்டு நான் திரும்பிப் போகேலாது."

எழுபதை நெருங்குகிற மனிதர். இரண்டு தரம் இதயத்துக்குக் குழாய் வைத்தவர். ஒரே பிள்ளை அவரிடம் சொல்லாமல் நாட்டைவிட்டுப் போகப்போகிறது. அன்று முழுக்க நான் சட்டி பானையைப் போட்டு அடித்தேன். அவர் ஏனென்று கேட்டால் என்ன சொல்வேன்? கோபம் யாரில் என்று எனக்கே நன்றாகத் தெரியும்.

அடுத்த ஞாயிறு பார்த்த நாடகப் பகுதியில், ஒரு சின்னத் துறைமுகத்தை மூடுவதற்கு அரசாங்கம் முடிவெடுக்கிறது. முடிவெடுக்க வைத்தவள் கூட்டணியில் இருக்கும் ஒரு கட்சித் தலைவி. ஆனால் சனம் தன்னைத் திட்டக்கூடாது என்று பார்க்கிறாள். அவளுடைய ஆலோசகன் தொலைக்காட்சிக்கு ஒரு கதையைக் கசிய விடுகிறான். கூட்டாளிக் கட்சியின் வயதான அமைச்சர்தான் அடம்பிடித்தாராம், அவள் கடைசிவரை அழுது எதிர்த்தாளாம். மறுநாள் அந்தக் கிழவரை வீதியில் மறித்துக் காறித் துப்புகிறார்கள். அவர் கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பேசாமல் காரில் ஏறுகிறார். அந்தத் தலைவியோ கண்ணாடியின் முன்னால் நின்று, பேட்டிக்காகச் சோகமான முகத்தைச் சரிசெய்து பார்க்கிறாள்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். நான் வைத்திருந்த முகம்.

"இந்த மனுசனுக்கு விசர். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் என்ன?" என்றாள் மகள்.

நான் றிமோட்டை எடுத்து நிறுத்தினேன். "லண்டனுக்கு வரவேணும் எண்டு நிண்டது உன்ர அப்பா இல்லை. நான்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நிறுத்தினால் பிறகு வராது என்று தெரிந்ததால் நான் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த ஊரின் பனிக்காலத்தை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாமல் இருந்தது. பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடும். முதியோர் இல்லத்தில் தரை துடைத்துவிட்டு வந்தால் கதைக்க ஒரு சனம் இல்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், கடையில் நின்று தமிழில் வம்பளக்க வேண்டும். இனி இங்கே இருந்தால் எனக்குத் தலை பழுதாகிவிடும் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அந்த ஊர் உயிர். ஒரு கிழமை யோசித்தார். பிறகு, "சரி, போவம். நீர் பிள்ளைக்குச் சொல்லாதையும், உம்மை வெறுத்துப்போடுவாள். நான் கேட்டதா இருக்கட்டும்" என்றார்.

"நானும் சரியெண்டு விட்டிட்டன்" என்றேன். "அவர் அந்தப் பொய்யை ஒருநாள்தான் சொன்னவர். நான் இருபத்திரண்டு வருசம் அதைக் கட்டிக் காத்தனான். நீ அவரோட கதையாமல் போகேக்க ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. ஏனெண்டால் நீ எல்லாத்தையும் என்னட்ட மட்டும் வந்து சொல்லுறது எனக்குப் பிடிச்சிருந்தது."

இதைச் சொன்ன பிறகுதான் இது எவ்வளவு கேவலம் என்று எனக்கே உறைத்தது. மகள் எழுந்து குசினிக் கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனாள். நான் கதவடியில் நின்றேன். அவர் பூவாளியோடு கீரைக்கு முன்னால் நின்றார். அவள் டேனிஷில் கேட்டாள், லண்டனைப் பற்றி அம்மா சொல்வது உண்மையா என்று. தகப்பனோடு அவள் அந்த மொழியில் பேசி எத்தனை காலம்! அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"அம்மா சும்மா விசர்க்கதை கதைக்கிறா. நான்தான் வரவேணும் எண்டு நிண்டனான்."

ஐயோ, அந்த மனிதரை என்ன செய்வது! என் வாயாலேயே சொன்ன பிறகும் எனக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் நிண்டனீங்கள்? அங்க உங்களைப் பிரதிநிதியா வைச்சிருந்தவை. இஞ்ச வந்து பெட்ரோல் ஸ்டேஷனில ஷிப்ட் செய்தனீங்கள். என்ன காரணத்துக்கு வந்தனீங்கள்? ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"உன்ர… உன்ர இங்கிலீஸ் படிப்புக்கு."

"அது அம்மா எல்லாருக்கும் சொன்ன கதை, அப்பா. நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ."

அவர் பூவாளியைக் கீழே வைத்தார். யோசித்தார், யோசித்தார். முதலாளிமார் முன்னால் தடுமாறாத ஆளுக்கு ஒரு காரணம் அகப்படவில்லை. மகள் அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் திரும்பிப் போறன் அப்பா, அங்க வேலை கிடைச்சிருக்கு" என்றாள். அவர் எந்த ஊர் என்று கேட்டார். அவள் சொன்னாள். "அங்க காத்து கடுமை. நல்ல ஜாக்கெட்டா வாங்கு" என்றார்.

அன்று என்னோடு அவள் பேசவில்லை. போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள். கிழமை முழுக்க எனக்குத் தொலைபேசியும் இல்லை. அவர்களுக்குள் மட்டும் பேச்சு நடந்தது. மேலே அறையில் அவர் தொலைபேசியில் சிரிக்கிற சத்தம் கேட்கும். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிற்றெரிச்சல்தான் கூட. சனிக்கிழமை ஒரு செய்தி அனுப்பினாள்: "நாளைக்கு வகுப்பு நேரம். கேக் செய்யுங்கோ."

ஏலக்காய் இடித்துப் போட்டுச் செய்தேன். நடுவில் கொஞ்சம் அமுங்கிவிட்டது. அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து இருந்தார். மகள் எங்களுக்கு எதிரே இருந்தாள். பதினொரு வயதில் நடுங்கிய குரல் இப்போது நடுங்கவில்லை.

"நான் டென்மார்க் போறதுக்கு விருப்பமான ஆக்கள்…"

அவள் முடிக்கவில்லை, அவருடைய கை மேலே நின்றது. அவளும் தன் கையை உயர்த்தினாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

உயர்த்துவது சுலபம். நல்ல தாய் என்று பெயர் எடுக்கலாம். என் முகம் தானாகவே தொங்கத் தொடங்கியது, கை தானாகவே எழும்பப் பார்த்தது. மகள் மேசையைத் தட்டினாள். "அம்மா, அந்த முகம் வேண்டாம். விருப்பமில்லாட்டி உயர்த்தாதேங்கோ."

நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். "எனக்கு விருப்பமில்லை. நீ போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையில நான் ஆரோட இருந்து படம் பாக்கிறது?" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

"சரி" என்றாள் அவள். "ரெண்டுக்கு ஒண்டு."

கேக்கை நான் வெட்டினேன். அவள் தட்டை நீட்டினாள்.