சிற்சபேச தீட்சிதரின் நான்கு நோட்டுகள்

கடலூர்ப் பக்கம் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 2005-இல் வழங்கிய அடையாள அட்டை இப்படிச் சொல்கிறது: "பெயர்: ப. சுரேந்தர். வயது: 22. ஊர்: சோனாங்குப்பம். கல்வி: எழுதப் படிக்கத் தெரியும். தொழில்: கடல் மீன்பிடிப்பு, முழுநேரம். நீச்சல்: தெரியும்."

இதில் பெயர், வயது, ஊர் மூன்றும் சரி. சுரேந்தர் கணிதத்தில் பி.எஸ்சி. முடித்தவர். நீந்தத் தெரியாது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை படகேறி, துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துத் திரும்பியவர். இத்தகைய அட்டைகள் பொய் சொல்வதில்லை, உண்மையை விசாரிப்பதில்லை என்பதோடு சரி.

சுனாமிக்குப் பிறகு நிவாரணம் எது வந்தாலும் எல்லாத் தலைக்கட்டுக் குடும்பத்துக்கும் சமமாகப் போக வேண்டும் என்பது குப்பத்துப் பஞ்சாயத்தின் தீர்மானம். பட்டியல் எழுத வந்த அதிகாரியிடம் சுரேந்தரின் தாய்மாமன் பச்சமுத்து அதை இரண்டே வரியில் விளக்கிவிட்டார்.

"படிச்சவன் படிக்காதவன்னு நாமளே பிரிச்சுக் காட்டுனா, அப்புறம் நீங்களும் பிரிச்சுத்தான சார் குடுப்பீங்க? எழுதுங்க, எல்லாரும் மீனவரு."

அப்படி மீனவரான சுரேந்தருக்கு ஒரு தொண்டு நிறுவனம் மூன்று மாதக் கணினிப் பயிற்சி கொடுத்தது. பிறகு செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அங்கேதான் அவர் ஒரு வெளிநாட்டு இணையதளத்தைக் கண்டுபிடித்தார். திரையில் ஒரு கட்டத்தை இழுத்து வைத்தால் அது பெயரைக் கேட்கும். இன்னொன்றை இழுத்து வைத்தால் தேதியைக் கேட்கும். இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் பட்டியல் வரும். நிரல் என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம். தகவல்கள் எல்லாம் அந்த நிறுவனத்தின் கணினிகளில் எங்கேயோ கடல் தாண்டி இருக்கும். ஆலையின் விடுப்புப் பதிவேட்டை ஒரே மதியத்தில் அதில் ஏற்றிக் காட்டினார். மேலாளர் அசந்துபோனார். 2008-இல் வேலையை விட்டுவிட்டு முதுநகரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, "சுரேந்தர் சாஃப்ட்வேர்ஸ்" என்று பலகை மாட்டினார்.

அவருடைய அம்மா அஞ்சம்மாள் முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். கூடையோடு வந்து அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார்: "வலைய இழுடான்னா வாந்தி எடுக்கறான். இங்க ஒக்காந்து என்னாத்தையோ நாள் பூரா இழுக்கறான். அது மட்டும் வாந்தி வரல."

வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. பரங்கிப்பேட்டையில் ஒரு டிராவல்ஸ்காரருக்கு, வளைகுடாவில் இருப்பவர்களின் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகும் என்று நினைவூட்டும் செயலி செய்தார். காடாம்புலியூர் முந்திரி வியாபாரி சுப்பராயலுவுக்கு மூட்டை வரத்துப் பதிவேடு. எங்கே போனாலும் முதல் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள், எந்தக் காகிதத்தை எங்கே செருகுகிறார்கள் என்று பார்ப்பார். நன்றாகக் கேள்வி கேட்பார். அதுதான் அவருடைய உண்மையான திறமை. அவரோ அதை ஒரு திறமையாகவே மதிக்கவில்லை. மதித்ததெல்லாம் தம்மிடம் இல்லாத ஒன்றை, நிரல் எழுதுவதை.

"இதெல்லாம் நீயே எழுதுனதா தம்பி?" என்று சுப்பராயலு கேட்டபோது, "ஆமாங்க. ஒவ்வொரு வரியும்" என்றார்.

ஒரு தடவை சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக எதையோ எங்கிருந்தோ எடுத்து ஒரு கோப்பில் வைத்திருந்தார். வாடிக்கையாளர் படியேறும் சத்தம் கேட்டால் அதைத் திறந்துவைத்துக்கொண்டு விசைப்பலகையைப் படபடவென்று தட்டுவார். அவர்கள் போனதும் மூடிவிட்டு வழக்கம்போலக் கட்டங்களை இழுக்க ஆரம்பிப்பார்.

சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் குடியிருந்த சிற்சபேச தீட்சிதர் 2009-இல் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். தீட்சிதர் வீடு ஒவ்வொன்றுக்கும் வெளியூர்களில் பரம்பரையாகக் கட்டளைதாரர்கள் உண்டு. அவரவர் பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்து, விபூதியும் குங்குமமும் மடித்துத் தபாலில் அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். எல்லாம் நான்கு தடித்த நோட்டுகளில், முக்கால்வாசி தீட்சிதரின் அப்பா கையால் மைப்பேனாவில் எழுதியது.

"நட்சத்திரம் தேதியில நிக்காது தம்பி, மாசா மாசம் ஓடிண்டே இருக்கும். உங்க மிஷின் தொரத்திப் பிடிக்குமா?" என்றார் தீட்சிதர்.

"பஞ்சாங்கத்தையே உள்ள ஏத்திடலாம் சாமி. இன்னைக்கு ரோகிணின்னா ரோகிணிக்காரங்க அட்ரஸ் மட்டும் வந்து நிக்கும்."

நோட்டுகளை அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாமே என்றார் தீட்சிதரின் மனைவி லலிதாம்பாள். ஜாஸ்தியாக இருக்கிறது, வீட்டில் வைத்து ஏற்றிவிட்டுக் கொண்டுவருகிறேன் என்று சுரேந்தர் வாங்கிப்போனார்.

ஏற்றினார். பெயர், கோத்திரம், நட்சத்திரம், முகவரி. ஓரத்தில் சின்ன எழுத்தில் "மூத்த பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லை", "இவர் தகப்பனார் ஆனித் திருமஞ்சனத்துக்கு நேரில் வருவார்" என்றெல்லாம் குறித்திருந்ததற்குக் கட்டம் இல்லை, விட்டுவிட்டார். தினமும் காலையில் லலிதாம்பாளே கணினியைத் திறந்து அன்றைய பட்டியலை அச்செடுத்து உறைகளில் ஒட்டினார். இரண்டு வருடம் ஒரு நட்சத்திரம் தப்பவில்லை. தீட்சிதர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சுரேந்தரைப் புகழ்ந்தார்.

நோட்டுகள் மட்டும் திரும்பவில்லை. லலிதாம்பாள் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "அடுத்த வாரம் மாமி" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முதுநகர் அறையில் அவற்றை அலமாரியில் அடுக்கி, புதிதாக வருகிறவர்களிடம், "இந்த நாலு நோட்டும் இப்ப ஒரு பட்டனுக்குள்ள இருக்கு" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

2011 நவம்பரில் அந்த வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. டிசம்பர் 31-உடன் சேவையை நிறுத்துகிறோம், அதற்குள் உங்கள் தகவல்களை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்குவது பத்து நிமிட வேலை. ஆனால் ஜனவரி முதல் தேதி லலிதாம்பாள் கணினியைத் திறந்தால் எதுவும் வராது. ஏன் என்று கேட்பார். நீங்களே எழுதியதை யாரோ எப்படி மூட முடியும் என்று கேட்பார். ஆகவே சுரேந்தர் ஒரு திட்டம் போட்டார்: வேறொரு தளத்தில் அச்சு அசலாக இன்னொன்று செய்துவிட்டு, கடைசியில் தகவல்களை எடுத்து அதில் போட்டுவிடுவது. யாருக்கும் தெரியாது. புதியது செய்வதில் வாரங்கள் போயின. அதுவரை பழைய தகவல்களை எடுத்துத்தான் வைப்போமே என்று அந்தக் கணக்குப் பட்டதாரிக்குத் தோன்றவில்லை. டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்.

டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் கடலூரில் கரையேறியது.

முதுநகர் அறையின் கூரை இரண்டு தெரு தள்ளிக் கிடந்தது. அலமாரி மல்லாந்திருந்தது. நோட்டுகளைத் தூக்கியபோது நீலத் தண்ணீர் சொட்டியது. ஊரில் மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை, சாலையெல்லாம் மரம். ஜனவரி 4-ஆம் தேதி எப்படியோ விழுப்புரம் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தார். தளத்தைத் திறந்தால், இத்தனை ஆண்டு ஆதரவுக்கு நன்றி என்று ஒரே ஒரு பக்கம்தான் வந்தது. பரங்கிப்பேட்டைக்காரரும் சுப்பராயலுவும் தங்கள் காகிதங்களைத் தங்களிடமே வைத்திருந்ததால் தப்பித்தார்கள்.

ஆருத்ரா தரிசனம் முடியும்வரை அவரால் சிதம்பரம் பக்கம் போக முடியவில்லை. அதற்கு அடுத்த வாரம் போனார். நான்கு நோட்டுகளையும் காயவைத்து ஒரு பையில் கொண்டுபோயிருந்தார். காய்ந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எல்லாவற்றையும் சொன்னார்: நவம்பரில் வந்த மின்னஞ்சலை, குறித்த நாளை, புயலை. கடைசியாக, இதுவரை மறைத்ததையும் சொன்னார்.

"அது நான் எழுதுன சாஃப்ட்வேர் இல்ல சாமி. வேற எவனோ செஞ்சத இழுத்து இழுத்து வெச்சேன். அவ்ளோதான். அது தெரிஞ்சுடுமேன்னுதான் சொல்லல."

தீட்சிதர் பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"இதுக்காகவா? ஏன் தம்பி, தெனம் நான் சொல்ற மந்திரம் மட்டும் நான் எழுதினதா?"

பிறகு தீட்சிதரே தொடர்ந்தார்.

"நவம்பர்லயே சொல்லியிருந்தா நாங்க ரெண்டு பேருமா ஒக்காந்து எழுதி வெச்சிருப்போமே. ரெண்டு மாசம் இருந்துதே."

லலிதாம்பாள் ஒரு நோட்டை எடுத்துப் பிரிக்கப் பார்த்தார். பக்கம் கிழிந்தது. "எங்க மாமனார் கையெழுத்து" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சுரேந்தர் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு லலிதாம்பாள் உள்ளே போய், நீளக் கம்பி ஒன்றில் குத்தி மாட்டியிருந்த மணியார்டர் கூப்பன்களைக் கொண்டுவந்தார். கட்டளைதாரர்கள் தட்சிணை அனுப்பும்போது அடியில் பெயரும் விலாசமும் எழுதிய துண்டுச் சீட்டுகள். ஏழெட்டு வருடத்துச் சீட்டு இருந்தது. அந்த விலாசங்களுக்கு, உங்கள் நட்சத்திரம் எது, கோத்திரம் எது என்று கேட்டு அஞ்சலட்டை எழுதுவது என்று முடிவானது. கணினியிலேயே ஏற்றிவிடட்டுமா என்று சுரேந்தர் கேட்கவில்லை. லலிதாம்பாள் புது நோட்டு ஒன்றையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார்.

பதில்கள் வரத் தொடங்கின. சிலர் இறந்திருந்தார்கள். சிலர் வீடு மாறியிருந்தார்கள். காரைக்குடியிலிருந்து ஒரு முதியவர் எழுதியிருந்தார்: "முப்பத்தோரு வருஷமாக என் மகத்துக்குப் பிரசாதம் தவறியதில்லை. இந்த மார்கழியிலிருந்து வரவில்லை. சாமிக்கு எங்கள் பேரில் என்ன கோபம்?" அந்த அட்டைக்குத் தாமே பதில் எழுத வேண்டும் என்று சுரேந்தர் கேட்டு வாங்கிக்கொண்டார். நான்கு தடவை எழுதிக் கிழித்தார். ஐந்தாம் தடவை, "சாமிக்குக் கோபமில்லை. தவறு என்னுடையது" என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

முதுநகர் அறைக்கு அவர் மறுபடி கூரை போடவில்லை. பலகை எங்கே போனது என்று தேடவுமில்லை. கூட்டுறவுச் சங்கம் அந்த ஆண்டு அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்தது. தொழில்: கடல் மீன்பிடிப்பு, முழுநேரம்.

2012 பிப்ரவரியிலிருந்து செப்டம்பர்வரை ப. சுரேந்தர் வாரத்தில் மூன்று நாள் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போய், அறுநூற்றுப் பதினொரு குடும்பங்களின் பெயர், கோத்திரம், நட்சத்திரம், முகவரி ஆகியவற்றைக் கையால் எழுதிக் கொடுத்தார். மற்றவை கிடைக்கவில்லை.